தோல் தைக்கலாமே

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள கேரள அரசு ஊழியர்கள் 56 வயதில் வேலையிலிருந்து விடுபடுகிறார்கள். தலைமைச் செயலகம் இருக்கும் இந்தத் திருவனந்தபுரத்தில் அப்படி ஓய்வு பெற்றவர்கள் பலர். அவர்களுக்குப் பொழுதுபோக்காகப் பாட்டையும் தோட்டத்தையும் கோயில் யாத்திரையையும் எல்லோரும் சொல்கிறோம். தோல் வேலையை யாரும் சொல்வதில்லை. அதையும் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி.

துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் குத்தூசி போட்ட துளை மூடாது. ஆகவே முதலில் காகிதத்தில் அளவு வரைந்து, அட்டையில் வெட்டிச் சரிபார்த்து, பிறகே கத்தியை எடுக்க வேண்டும். அவசரமில்லாத மனிதருக்கென்றே அமைந்த வேலை இது. தையலைப் பாருங்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டையும் ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்துகிறார்கள். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாக விட்டுப்போகும். இந்தக் கைத்தையலில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து இழை தாங்கிக்கொள்ளும். தொடங்குகிறவருக்கு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் நல்லது. ஈரப்படுத்தி அழுத்தினால் பதிந்த வடிவம் அதில் நிலைக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோலில் அவ்வளவாக நிலைக்காது. தோல் எங்கே வாங்குவது என்றால், தம்பானூர் ரயில் நிலையத்தில் நாம் ஏறும் சென்னை மெயில் போய் நிற்கிற சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பெரியமேடு, தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம், இருக்கிறது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் இங்கே தோலில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது உண்மைதான். காற்றோட்டமான இடத்தில் வைத்து, அடிக்கடி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கூரிய கத்தி ஆபத்தில்லையா என்று கேட்கலாம். கை நடுங்குபவர்களும் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் வேறு பொழுதுபோக்கைத் தேடுவதே நல்லது. விலங்கின் தோலைத் தொட மனம் ஒப்பாதவர்களையும் நான் வற்புறுத்தமாட்டேன்.

உண்மையான தடை சாதிதான். படித்தவர் வீட்டு முற்றத்தில் தோலை விரித்து உட்காரக் கூச்சப்படுகிறார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். கோயில் கதவு திறந்தது. தோல் தொடும் கையின் மீதிருந்த இழிவு நீங்கவில்லை. கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில் பயபக்தியோடு மிருதங்கத்தைக் கேட்கிறோம். அந்த நாதம் மாட்டுத் தோலிலிருந்தும் ஆட்டுத் தோலிலிருந்தும் பிறக்கிறது. மிருதங்கம் செய்தவர்களின் வரலாற்றுக்கென்று கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ஒரு நூல் எழுதும்போது ஆண்டு 2020 ஆகிவிட்டது.

இங்கே கனமான ஆட்சேபம் ஒன்று எழும். பரம்பரையாகச் செய்தவருக்கு இழிவைத் தந்த வேலை, ஓய்வூதியக்காரர் செய்தால் மட்டும் கலை ஆகிவிடுமா? அந்த அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் விலகி நிற்பதால் அது குறையாது. தைத்துப் பார்த்தவருக்குத்தான் ஒரு செருப்பு வாரைச் சீராகத் தைப்பதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறதென்று தெரியும். கூலியில் பேரம் பேச அதன்பின் அவருக்கு நா எழாது. நிபந்தனை இரண்டு: செய்ததை மலிவாக விற்று, அதையே நம்பிப் பிழைப்பவரின் வருமானத்தைக் கெடுக்கக் கூடாது, கற்பதை அவரிடமே கற்க வேண்டும்.

ஆகையால் ஓய்வு பெற்ற நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். காணொளியைத் தேடுவதற்கு முன், நடைபாதையில் அமர்ந்து பையும் செருப்பும் தைப்பவரிடம் போய்க் கேளுங்கள். அவருக்கு வேலை குறைவான நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பாட்டு வாத்தியாருக்குக் கொடுக்கும் அதே தட்சிணையைக் கொடுத்து, ஆசான் என்று அழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.