புள்ளி மறைஞ்சா நோய் போயிடுச்சா?

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "கோல்டுஃபிஷ் கல்லுல உரசிக்கிட்டே இருந்துச்சு, உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. மருந்து ஊத்தினேன், மூணு நாள்ல மறைஞ்சிடுச்சு. நிறுத்திடலாமா?"

நிறுத்தாதீங்க. எரர் மெசேஜ் காணோம்னா பக் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லையே! இது வெள்ளைப்புள்ளி நோய், 'இக்'னு சொல்வாங்க. ஒட்டுண்ணி தோலுக்குள்ள இருக்கிறவரை மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து கொல்லும். நடுவுல விட்டா திரும்ப வரும். செவுளைத் தாக்கினா மீன் மூச்சுத் திணறிச் செத்துடும்.

அதனால பாட்டில்ல போட்டிருக்கிற நாள் முழுக்க மருந்து கொடுங்க. ஃபில்டர்ல கார்பன் இருந்தா எடுத்துடுங்க, அது மருந்தை உறிஞ்சிடும். குளிர்ந்த தண்ணீர்ல இந்தச் சுழற்சி மெதுவா நடக்கும், கூடுதல் நாள் பொறுமை வேணும்.