அநாமதேயம்



அநாமதேயம் என்பது வடசொல். நாமதேயம் என்றால் பெயர். முன்நின்ற எழுத்து இன்மையைக் குறித்தது. பெயரின்மை என்பதே நேர்பொருள். இன்றைய வழக்கிலோ இச்சொல் இழிந்தது. கையொப்பமில்லா அவதூற்றை அநாமதேயக் கடிதம் என்பர். மதிப்பற்றவனையும் அநாமதேயம் என இகழ்வர்.

சைவம் பெயரின்மையை இழிவாகக் கொள்ளவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் தனியடியார்களைப் பெயர் சொல்லிப் போற்றியதோடு அமையாது, தொகையடியார் 9 கூட்டத்தாரையும் வணங்கினார். அவர்களுள் ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’, தமிழ்நாட்டிற்கு அப்பாலும், அக்காலத்திற்கு முன்னும் பின்னும் சிவனடி சார்ந்தோர். அவர்தம் பெயர் அறியப்படவில்லை, வணக்கம் குறையவில்லை.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. ஏற்காட்டு மலைக்கே தம் பெயரை ஈந்த சேர்வராயன், உச்சியிலுள்ள குகைக்கோயிலில் காவேரியம்மனோடு எழுந்தருளியுள்ளார். அங்கே முதன்முதல் விளக்கேற்றிய மலைமகன் யார்? அவன் பெயர் நிற்கவில்லை, வழிபாடு நிற்கிறது.

பெயர் பொறித்தல் குற்றமன்று. கி.பி. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலில், தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றை இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். கொடை பிறழாதிருக்க அது காப்பு. ஆயின் பலகையில் தம் பெயர் சிறுத்ததென்று மனம் சுளிப்பாராயின், அக்கொடை சிவனுக்கன்று, பெயருக்கே சென்றது.

ஆதலின் உபயதாரர் பட்டியலில் ‘ஓர் அடியார்’ என்னும் வரியைக் கண்டால், பெயர் விடுபட்டதெனக் கருதற்க. பெயர் கடந்த பெருமானுக்கு உகந்த பெயர் அதுவே. தொகை கணக்கேட்டில் இருக்கும். கொடுத்தவர் திருவுள்ளத்தில் இருப்பார்.

திருச்சிற்றம்பலம்.