மொட்டைக் கடிதம்



பெயர் போடாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்கிறோம். அது நல்லதா, கெட்டதா?

பக்கத்து வீட்டில் 15 வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. 18 வயது ஆகாமல் நடத்துவது குற்றம். நாம் சொன்னது தெரிந்தால் பகை வரும். அப்போது 1098 எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை. நம் பெயரை ரகசியமாக வைப்பார்கள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை தப்பும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இருவருக்கு வரப்புச் சண்டை. கோபத்தில் ஒருவர், "அவன் சாராயம் விற்கிறான்" என்று பெயர் போடாமல் எழுதிவிடுகிறார். போலீஸ் வருகிறது. ஊரே வேடிக்கை பார்க்கிறது. சாராயம் கிடைக்கவில்லை. ஆனால் போன மானம் திரும்புமா?

1970-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: யாரென்று தெரியாதவர் போனில் சொன்ன அரைகுறைச் செய்தி, முதல் தகவல் அறிக்கை ஆகாது. ஆகவே அது வெறும் துப்பு. சாட்சி அல்ல. போலீஸ்தான் விசாரித்து உண்மையை அறிய வேண்டும்.

வேண்டுமென்றே போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

நாம் எழுதக் கற்றுக்கொண்டோம். அந்த எழுத்து யார் குடியையும் கெடுக்க வேண்டாம். உண்மையை மட்டும் எழுதுவோம்.