சொந்த வாயிலில் தொடங்கிய சமத்துவம்

 

பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்தவர்கள் நாம். நமக்கு முன்பே கடல் கடந்து வந்து இவ்வூரில் வேரூன்றியவர்கள் யூதப் பெருமக்கள். அவர்கள் 1568இல் எழுப்பிய தொழுகைக்கூடம் இன்றும் ‘பரதேசி’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பேச்சு வழக்கில் பரதேசி என்றால் இரவலன். இங்கோ அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள்.

அச்சமூகத்தில் 1882இல் தோன்றியவர் ஆபிரகாம் பராக் சேலம். பெயரைக் கேட்டு நம் சேலத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டா! ஆயினும் தமிழகத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு. அவர் சட்டம் பயின்றது நம் சென்னையிலேதான். எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகத் திகழ்ந்தார். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி அரசின் சட்டசபையில் உறுப்பினராக விளங்கினார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றார். தொழிலாளர் சங்க இயக்கத்துக்கும் துணை நின்றார்.

இத்தகைய பெருமகனுக்குத் தம் சொந்தத் தொழுகைக்கூடத்தில் சம இடம் இல்லை! அவருடைய முன்னோர் விடுதலை பெற்ற அடிமைகள் என்பதே காரணம். அம்மரபினர் ஏனையோருடன் சமமாக அமரவோ, திருமறையை ஓதவோ அன்று உரிமையற்றிருந்தனர்.

1924இல் வைக்கத்தில் கோயிற் சாலைகளுக்காக எழுந்த சத்தியாக்கிரகத்தையும், பெரியார் அங்கே சிறை சென்றதையும் நாம் அறிவோம். அதே அறப்போர் முறையைச் சேலம் தம் இனத்தாரிடமே கையாண்டார். பகை வளர்த்தாரல்லர், பணிந்தாருமல்லர். நாளடைவில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்று மக்கள் அவரைப் போற்றினர்.

1948இல் இஸ்ரேல் உருவான பின், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு உதவிய சேலமோ இங்கேயே தங்கி, 1967இல் மறைந்தார்.

அன்பர்களே! வந்த ஊரில் நமக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்கிறோம், அது நியாயமே. ஆனால் நம் சங்கத்தில் உத்தியோகத்தருக்கு முன்வரிசையும் துணி வெளுக்கும் தோழருக்குக் கடைவரிசையும் என்றால், பிறரிடம் உரிமை கேட்க நமக்கு வாய் ஏது? சபையில் பேசிய சமத்துவத்தைச் சொந்த வாயிலிலும் கேட்டவர் சேலம். அவ்வழியில் நாமும் நடப்போமாக.