ஏரிக்கரையில் தொண்ணூறு நாள்
(நமது குடியிருப்பின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

"பிரான்ஸ் போய் வந்தீர்களே, பாரீஸைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். பாரீஸை நான் பார்க்கவே இல்லை. விசா கொடுத்த 90 நாளையும் நானும் என் மனைவியும் அன்சி என்ற சின்ன ஊரில்தான் கழித்தோம். மகளுக்கு ஜெனீவாவில் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்று, எல்லைக்கு இந்தப் பக்கம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வீடு எடுத்திருக்கிறாள். அவளைப் போலவே நிறையப் பேர் யோசித்ததில் அன்சியிலும் வாடகை ஏறிவிட்டது, அது வேறு கதை.

பக்கத்து ஊர்களை 2017-ல் சேர்த்த பிறகும் ஜனத்தொகை சுமார் 1,30,000தான். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. அதிலிருந்து புறப்படும் தியு என்ற குட்டி ஆறு பழைய ஊருக்குள் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. ஆற்றின் நடுவில் கப்பல் மூக்கு மாதிரி ஒரு கல் கட்டடம் நிற்கிறது. 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாணயச் சாலை, கோர்ட், ஜெயில் என்று ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றாக இருந்திருக்கிறது. "கேஷ் கவுண்டரில் இருந்தவருக்குத் தோதான இடம்" என்றாள் என் மனைவி.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலையில் அந்தத் தெருக்களில் சந்தை. கடைக்காரரிடம் "போன்ஜூர்" சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். முதல் வாரம் எனக்கு அது தெரியவில்லை. அந்த ஊர்ச் சீஸ் வாசனை பழக எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. சாயங்காலம் ஏரியோரப் புல்வெளியில் நடை. மாப்பிள்ளை ஞாயிறுகளில் சைக்கிளில் ஏரியைச் சுற்றி வருவார், சுமார் 40 கிலோமீட்டர். ஒரு பக்கப் பாதை பழைய ரயில் தடத்தின் மேல் போட்டது, அதனால் மேடு பள்ளம் அதிகமில்லை. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அங்கே போகாதீர்கள். நம் ஊர்ப் பொருட்காட்சிக் கூட்டம் தோற்றுவிடும்.

இதையெல்லாம் சொல்ல மட்டும் நான் மைக்கைப் பிடிக்கவில்லை. அந்த ஏரியில் இறங்கி நின்றால் கால் விரல் தெரிகிறது. ஊர்க் குழாயில் வரும் குடிதண்ணீரும் அதே ஏரித் தண்ணீர்தான். மலைத் தண்ணீர் ஆயிற்றே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்தார். 1950-களில் அந்த ஏரி கெட்டுக்கொண்டிருந்ததாம். கரையில் இருந்த ஊர்களின் கழிவுநீரெல்லாம் அதில்தான் போய் விழுந்தது. போல் செர்வெத்தாஸ் என்ற டாக்டர் ஏரி நாசமாகிறது என்று விடாமல் எச்சரித்தார். 1957-ல் கரையோரத்து 8 ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்து, கழிவுநீர் மொத்தத்தையும் ஊருக்குக் கீழே கொண்டுபோய்ச் சுத்திகரித்து, வேறு ஆற்றில் விட்டார்கள். சுத்திகரித்த தண்ணீர்கூட ஏரிக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் முடிவு.

எனக்கு அதில் பிடித்தது கணக்குதான். குழாய் மண்ணுக்கடியில் போகிறது. கட்டிய பணத்துக்கு எதையும் கண்ணால் காட்ட முடியாது. ரிப்பன் வெட்டப் பாலமோ பூங்காவோ கிடையாது. ஒரு ஊர் மட்டும் "எங்கள் கழிவு கொஞ்சம்தானே" என்று விலகியிருந்தால், மற்ற ஏழு ஊர்கள் போட்ட பணமும் தண்ணீரில் போட்ட மாதிரிதான். பல வருடம் இழுத்த வேலை அது. ஆரம்பித்து வைத்தவர்களில் எத்தனை பேர் தெளிந்த தண்ணீரைப் பார்த்திருப்பார்களோ!

இப்போது நம் விஷயம். போன வருடப் பொதுக்குழுவில் எஸ்.டி.பி. மோட்டாரும் ஃபில்டரும் மாற்ற ஃபிளாட்டுக்கு இவ்வளவு என்று கேட்டபோது, "பென்ஷன்காரன் நான், என்னால் ஆகாது" என்று எழுந்து பேசியவன் நானே. கை தட்டினீர்கள். தீர்மானம் தோற்றது. அதற்குப் பிறகு இரண்டு மழை நாளில், நம் பின் சுவரை ஒட்டிய கால்வாயில் என்ன ஓடியது என்று சி பிளாக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அந்தத் தீர்மானம் மறுபடி வருகிறது. இந்த முறை நான் ஆதரித்துக் கை தூக்கப் போகிறேன். வந்திருக்கும் மூன்று கொட்டேஷனையும் வரி வரியாக ஒப்பிட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காமல் விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள், கவனியுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் ஆறு தவணையில் கட்டலாமா என்று பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார். சந்தேகம் இருந்தால் தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் கிளப் ஹவுஸில் இருப்பேன். நோட்டு கையில் இருக்கும்.