இணையவழிக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

   

இக்கழகம் நடத்திவரும் மாலைப் படிப்பகத்திலே எழுத்தறிவு பெற்று, இன்று பி.எட். வகுப்பிலே பயில்கின்ற நாங்கள், கழகத்தின் வெள்ளி விழா மேடையிலே நின்று பேசுகின்ற பேற்றினைப் பெற்றிருக்கிறோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாயிற்று. அதில் 20 வாரங்கள் பயிற்சி மாணவர்கள் பள்ளியோடு இணைந்து பணியாற்றுதல் வேண்டும். அந்த வாரங்களிலே அரசுப் பள்ளி வகுப்பறைகளில் நாங்கள் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். இணையமும் திரையும் கைப்பேசியும் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட இந்நாளில், அவற்றால் நம் பிள்ளைகளுக்கு விளையும் நன்மை யாது, தீமை யாது, நாம் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதே எங்கள் பொருள்.

புதிய கருவியொன்று நாட்டுக்கு வரும்போது அதை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை முதற்கண் நினைவுகூர்வோம். அச்சு இயந்திரம் அந்நாளில் புதுமைக் கருவி. பிறர் அச்சிட்டுத் தந்ததைப் படிப்பதோடு நம் பெரியோர் அமைந்துவிடவில்லை. 1893-ஆம் ஆண்டிலே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ, அந்தப் பெயரையே இதழின் தலைப்பாக்கினார். 1907-ஆம் ஆண்டிலே அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஏழையின் கைக்கு எட்டும் விலையே அதன் பெயராயிற்று. கருவி வந்தவுடன் அதன் முன் கைகட்டி நிற்காமல், அதைத் தம் கையிலே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1924-ஆம் ஆண்டிலே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாய், பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லோர்க்கும் உரியவை என்று அரசாணை பிறந்தது. ஆணை பிறந்த மறுநாளே எல்லாத் தெருக்களும் நமக்குத் திறந்துவிட்டனவா? இல்லை. திறந்திருக்கிறது என்று ஏட்டில் எழுதப்படுவது ஒன்று. நம் கால் அதில் நடப்பது மற்றொன்று. இணையமும் அத்தகைய ஒரு சாலையே. எல்லோர்க்கும் பொது என்கிறார்கள். நம் பிள்ளையின் கால் அதில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

இந்த உண்மையைக் கொரோனாக் காலம் நமக்குக் கசப்பாகக் கற்பித்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் பள்ளிக் கதவுகள் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள்! 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியே பாடங்களை அனுப்பினார்கள். அந்த முயற்சிகளை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாடம் அனுப்பப்படுவதும் பிள்ளையைச் சென்று சேர்வதும் வேறு வேறல்லவா?

அக்காலத்தில் நாங்களும் மாணவர்களாகவே இருந்தோம். எங்கள் வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இருட்டிய பிறகு சார்ஜ் இன்றித் திரும்பி வரும். ரீசார்ஜ் செய்யக் கையில் காசில்லாத நாளும் உண்டு. எல்லாம் கூடிவந்தாலும் முதலில் அண்ணன், பிறகு தம்பி. பெண் பிள்ளையின் முறை வரும்போது அவள் அடுப்படியில் இருப்பாள், அல்லது டேட்டா தீர்ந்திருக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியறையும் தனிக் கருவியும் இருந்தன. பாடம் ஒன்றே, ஆயினும் அதைப் பெற்றவர்கள் ஒரே அளவில் பெறவில்லை. 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டபோது, மாலை நேரங்களில் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திப் பாடம் சொன்ன தன்னார்வலர்கள் ஈடு செய்ய முனைந்தது இந்தக் குறையைத்தான். திரையால் இயலாததை ஒரு பாயும் ஒரு பெண்ணின் குரலும் செய்தன.

அப்படியானால் கருவியே வேண்டாம் என்று கூறலாமா? கூடாது. இன்று அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ளன. தொடக்கப் பள்ளிகளுக்கும் திறன்பலகைகள் வந்துகொண்டிருக்கின்றன. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகியுள்ளன. இவையெல்லாம் மக்களின் வரிப்பணத்தில் வந்தவை. நம் உழைப்பும் அதில் அடக்கம். நமக்குரியதை நாமே ஒதுக்கி வைத்தல் அறிவுடைமையாகாது.

நன்மையை முதலில் சொல்லுகிறோம். குருதியோட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்கும், இதயம் சுருங்கி விரிவதைத் திரையிலே காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளின் முகத்திலேயே கண்டோம். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. பதிவு செய்யப்பட்ட பாடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். “இது கூடத் தெரியாதா?” என்று அது ஏசுவதில்லை. “நீ எந்தத் தெரு?” என்று அது கேட்பதில்லை. சத்தாரா பள்ளியிலே தாம் கொண்டுவந்த கோணிப்பையின் மேல் தனியே அமர்த்தப்பட்ட அண்ணல் அம்பேத்கரின் வழிவந்தவர்கள் நாம். ஐயம் கேட்க எழுந்தால் ஏளனம் வருமோ என்று அஞ்சி வாய் மூடியிருக்கும் பிள்ளைகள் இன்றும் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அத்தகைய பிள்ளைக்கு, அவமானமின்றி இரண்டாம் முறை கேட்கும் வாய்ப்பு சிறிதன்று.

ஆனால், ஏளனம் செய்யாத அதே திரைக்குப் பிள்ளையின் முகமும் தெரியாது. புரியாமல் புருவம் சுருங்குவதை அது காணாது. காலையில் உண்ணாமல் வந்த பிள்ளையை அது அறியாது. ஆகவேதான் ஆசிரியர் தேவைப்படுகிறார். கருவி வந்ததனால் ஆசிரியரின் வேலை குறையவில்லை. அதன் தன்மை மாறியிருக்கிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஏழாம் வகுப்புக் கணக்கில், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது ஒரு பாடம். ஜியோஜீப்ரா என்னும் செயலியிலே முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால், கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கூடுதல் மட்டும் மாறாது. பெரிய திரையிலே ஆசிரியர் இழுத்துக் காட்டினால் 40 பிள்ளைகளும் வியப்போடு பார்ப்பார்கள். பார்த்ததோடு சரி. மறுநாள் கேட்டால் படம் நினைவிருக்கும், கருத்து இராது.

நாங்கள் வேறு முறையைக் கையாண்டோம். முதலில் ஆளுக்கொரு தாள் முக்கோணம் வெட்டச் சொன்னோம். மூன்று மூலைகளையும் கிழித்து அருகருகே ஒட்டினால் அவை ஒரு நேர்க்கோட்டில் அமைவதை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் கண்டது. இதற்குச் செலவு பழைய தாள் மட்டுமே. பிறகு தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, பயிற்சி மாணவர்களாகிய எங்கள் கைப்பேசிகளைக் குழுவுக்கொன்றாகக் கொடுத்தோம். அப்போது நடந்தது கவனிக்கத்தக்கது. வீட்டிலே கைப்பேசியில் பழகிய பிள்ளையின் கை முதலில் நீண்டது. மற்றவர்கள் பின்னே நின்று எட்டிப் பார்த்தார்கள். தாமாக விட்டிருந்தால் வகுப்பறைக்குள்ளும் பழைய வரிசையே உருவாகியிருக்கும். எனவே ஒரு விதி செய்தோம்: இதுவரை இக்கருவியைத் தொடாத பிள்ளைக்கே முதல் முறை, பழகிய பிள்ளை வாயால் வழி சொல்லலாம், விரலால் தொடலாகாது. ஒரு வாரத்துக்குள் பின்வரிசைப் பெண் பிள்ளைகள் தாமே முக்கோணத்தை இழுத்து, “இன்னும் குறுக்கினால் என்ன ஆகும்?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அதற்கும் பிறகு கரும்பலகைக்கே வந்தோம். திரை ஆயிரம் முக்கோணங்களைக் காட்டும்; அவற்றிலெல்லாம் 180 பாகை வருகிறது என்று காட்டும். ஏன் வந்தே தீர வேண்டும் என்பதை அது சொல்லாது. உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டும்போதுதான் ‘ஏன்’ என்பதற்கு விடை கிடைக்கிறது. கையால் செய்தல், கருவியால் சோதித்தல், அறிவால் நிறுவுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாடம். நடுவில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால், அது வேடிக்கையாகிவிடும்.

இனித் தீமையைச் சொல்லுகிறோம். முற்காலத்தில் உதவித்தொகைக்காக நம் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுத்த கொடுமையை இங்குள்ள பலரும் அனுபவித்திருப்பீர்கள். இன்று அது வேறு உருவில் வருகிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு பள்ளியில், ஆதிதிராவிடர் உதவித்தொகை பெறுவோர் பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலே அப்படியே இடப்பட்டதைக் கண்டோம். நொடிப் பொழுதில் யார் எந்தச் சாதி என்பது எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. உரியவர்களுக்குத் தனித்தனியே அனுப்புதல் வேண்டும் என்று நாங்கள் எடுத்துரைத்தபின் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. வாயால் சொன்ன சொல் அறைக்குள் நின்றது; கருவியில் இட்ட சொல் ஊர் முழுதும் சுற்றுகிறது. இதைப் பெற்றோர்கள் உணர்ந்து, கண்ட இடத்திலே அச்சமின்றிக் கேட்டல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாங்குநேரியிலே நம் சமுதாய மாணவன் ஒருவன், உடன்பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்கும், மாணவர்கள் பள்ளியில் கைப்பேசி வைத்திருப்பதற்கும் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் அடங்கும். பாடம் வரும் கைப்பேசியின் வழியேதான் சாதிப் பெருமை பேசும் காணொளியும் வருகிறது. ஆகையால் மாணவன் தனக்கென வைத்திருக்கும் கருவியைவிட, பள்ளிக்கும் பொதுவுக்கும் உரிய கருவி, ஆசிரியர் கண்காணிப்பிலே எல்லோர் கைக்கும் முறையாகச் செல்வதே நன்று என்று நாங்கள் கருதுகிறோம்.

இறுதியாகக் கழகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் மாலைப் படிப்பகத்திலே கழகத்துக்குச் சொந்தமான சில கைக்கணினிகள் வேண்டும். பாடக் காணொளிகளை முன்னரே பதிவிறக்கி வைத்துவிட்டால், நாள்தோறும் டேட்டா தேடும் தொல்லை இராது. இரண்டாவது, முறைப் பலகை ஒன்று தொங்கவிடப்பட வேண்டும். அதில் பெண் பிள்ளைகளின் பெயரும், வீட்டில் கருவியில்லாப் பிள்ளைகளின் பெயரும் முதலில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் வாரம் ஒரு மாலையாவது படிப்பகத்தில் அமர்ந்து, திரைக்குத் தெரியாத முகங்களைத் தாங்கள் பார்க்க வேண்டும். நான்காவது, நம் பிள்ளைகள் பிறர் செய்த பாடங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், தாங்களே பாடம் செய்யப் பழக வேண்டும். நம் ஊர் ஏரியைப் பற்றி, பாட்டிமார் அறிந்த மூலிகைகளைப் பற்றி, இக்கழகம் வளர்ந்த வரலாற்றைப் பற்றி அவர்களே பேசிப் பதிவு செய்யட்டும். அச்சு இயந்திரத்தை நம் முன்னோர் எடுத்துக்கொண்ட முறை அதுதான்.

இளைஞர்களே! கைப்பேசி உங்கள் கையில் இருக்கிறது. அதில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் போகிறது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு மணி நேரத்தைப் படிப்பகத்துப் பிள்ளைக்குக் கொடுங்கள். நாங்கள் கேட்பது நிதியன்று; உங்கள் மாலைப் பொழுதில் ஒரு பங்கு. அதைப் பெறும் பிள்ளைகளுள் சிலர் நாளை ஆசிரியர்களாக இம்மேடைக்கு வருவார்கள்.

 வளர்க கழகத்தின் கல்விப் பணி!