வாயில்லா நோயாளி

மருத்துவரிடம் செல்லும் மனிதன் தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்கிறான். நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் நோயை அதன் நடத்தையிலிருந்தே நாம் அறிதல் வேண்டும். வயது முதிர்ந்த நாயிடத்தில் எந்த மாற்றத்தைக் கண்டாலும், "வயதாகிவிட்டது" என்று சொல்லி வாளா இருந்துவிடுகிறோம். முதுமை ஒரு பருவமேயன்றி நோயன்று.

எங்கள் வீட்டு நாய்க்குப் பத்து வயது நிறைந்திருந்தது. நன்றாக உண்டும் அதன் உடல் மெலிந்தது. தண்ணீர்ப் பாத்திரம் அடிக்கடி வறண்டது. நலமுள்ள நாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் பருகும். 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் ஐயுற வேண்டும். ஆகவே, காலையில் நீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் எஞ்சியதை அளந்தேன். மூன்று நாளும் கணக்கு ஒன்றாகவே இருந்தது. 20 கிலோ எடையுள்ள அந்த நாய் நாள்தோறும் இரண்டரை லிட்டர் பருகியது.

இத்தகைய தாகத்திற்குக் காரணங்கள் பல. சிறுநீரகம் பழுதுற்றிருக்கலாம், அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கலாம், பெண் நாயாயின் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இறுதியாகச் சொன்னது உடனே கவனியாவிடின் உயிரையே பறிப்பது. சிறுநீரகத்தின் ஆற்றலில் முக்கால் பங்கு குன்றிய பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாக உயரும். தாகமோ அதற்கு முன்னரே தோன்றிவிடக்கூடும். வீட்டை நனைக்கிறதே என்று நாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது பெருந்தீங்கு.

மருத்துவர் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தார். இரண்டிலும் சர்க்கரை மிகுந்திருந்தது. நோய் நீரிழிவு. காலையும் மாலையும் உணவுக்குப் பின் இன்சுலின் செலுத்தினோம். சில வாரங்களில் நீர் பருகும் அளவு பாதியாயிற்று. எடையும் மெல்ல ஏறியது.

இந்த மருந்தின் வரலாற்றில் நாய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1889-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்தி அதன் ஆற்றலைக் கண்டனர். 1922 ஜனவரியில் அச்சாறு முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அளிக்கப்பட்டது. அன்று ஆய்வுக்கூடத்தில் நாய்கள் பட்ட துன்பத்தால் இன்று எண்ணற்ற மனிதர்கள் உயிர் வாழ்கின்றனர்.

மாணவ நண்பர்களே! அந்த நன்றிக்கடனைத் தீர்க்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஓர் அளவுக் குவளை, ஓர் எடைக் கருவி, நாள்தோறும் கண்டதை எழுதும் ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். முதிய நாயின் உணவு, நீர், எடை, நடை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மாற்றம் கண்டவுடன் அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரை நாடுங்கள். தன் துன்பத்தைச் சொல்ல இயலாத உயிருக்காக நாம் சொல்லக்கூடிய சாட்சியம் அதுவே.